வீடு மாறும் ஈரம்

திருநெல்வேலி டவுனில், ஒரே வாசலுக்குள் எதிரும் புதிருமாக வீடுகள் நிற்கும் செக்கடி வளவில், பஸ்ஸில் டிக்கெட் பரிசோதகராக இருந்து ஓய்வு பெற்ற ஆவுடையப்பன், ஒரு நாள் காலையில் எழுந்து, வாதம் அடித்துப் படுக்கையில் கிடக்கும் தன் பெஞ்சாதி கோமதியின் இடுப்புக்குக் கீழே கைவிட்டுப் பார்த்தபோது, விரிப்பு காய்ந்து கிடந்தது. வேறொருவராக இருந்தால் சாமி படத்துக்கு முன்னால் போய் விழுந்திருப்பார். ஆவுடையப்பன் முதலில் போய்க் கதவுத் தாழ்ப்பாளைப் பார்த்தார்.

தாழ்ப்பாள் போட்டபடியே இருந்தது. ஜன்னல் கொக்கியும் மாட்டியபடியே இருந்தது. ஆனாலும் யாரோ ராத்திரியில் உள்ளே வந்து, ஈரத்தை உருவிக்கொண்டு, காய்ந்ததை விரித்துவிட்டுப் போயிருக்கிறார்கள் என்றுதான் அவருக்குத் தோன்றியது. உத்தியோகம் அப்படி. பாஸ் இருக்கிறது என்று சிரித்த முகமாகச் சொல்கிறவனிடம்தான் பாஸ் இருக்காது, தூங்குகிற மாதிரி கண்ணை மூடியிருக்கிறவன்தான் டிக்கெட் எடுக்காதவன் என்று பார்த்துப் பார்த்தே தலை நரைத்த மனுஷன், நல்லது நடந்தால் மட்டும் நம்பிவிடுவாரா.

கோமதி விழுந்த நாளிலிருந்து ராத்திரி என்பது அவருக்கு இன்னொரு உத்தியோகமாக இருந்தது. கீழே ரப்பர் ஷீட், அதன்மேல் பழைய வேட்டியை நாலாக மடித்து ஒரு விரிப்பு, அதன்மேல் துவைத்துத் துவைத்து மெலிந்துபோன நூல் சேலை. அலாரம் வைத்து எழுந்து பெட்பேன் வைத்தால் சொட்டுக்கூட வராது, எடுத்து வைத்துவிட்டு இவர் தலையைச் சாய்த்ததும் வந்துவிடும். கடையில் விற்கிற பெரியவர்கள் டயப்பரை மாட்டிப் பார்த்தார், ஊர் வெக்கைக்குத் தொடையிடுக்கு வெந்து புண்ணாகி, தேங்காயெண்ணெய் போட்டு ஆற்றுவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. வளவு கண் முழிப்பதற்கு முன்னால் அவளைப் புரட்டி, துடைத்து, பவுடர் போட்டு, நனைந்ததைக் கிணற்றடியில் அலசி, பொதுக்கொடியில் தங்கள் வீட்டுக்கென்று உள்ள பாகத்தில் காயப்போட்டுவிட்டு வந்துதான் காப்பி போடுவார். அந்த வேலையில் அவருக்குச் சடவோ சலிப்போ இல்லை. அவர் பயந்தது வேறொன்றுக்கு: கோமதி தண்ணீர் குடிப்பதை நிறுத்தியிருந்தாள்.

மத்தியானச் சாப்பாட்டுக்கு மேல் தம்ளரைக் கிட்டே கொண்டு போனால் உதட்டை இறுக்கிக்கொள்வாள். வாதத்துக்குப் பிறகு அவள் வாயில் மிஞ்சியது ரெண்டு மூன்று வார்த்தைகள்தான். அதில் அதிகம் செலவானது 'வேண்டாம்'. குடித்தால் நனையும், நனைந்தால் புருஷன் துவைக்க வேண்டும், துவைத்தால் கொடியில் தொங்கும், தொங்கினால் வளவு பார்க்கும் என்று அவள் கணக்குப் போட்டு வைத்திருந்தாள். ஒரு தடவை நீர்க்கடுப்பு முற்றிக் குளிர்காய்ச்சலில் தூக்கிப்போட்டு, ஆஸ்பத்திரியில் கிடந்து திரும்பினாள். டாக்டரம்மா ஆவுடையப்பனைத் தனியாகக் கூப்பிட்டு, இப்படியே காய விட்டால் அடுத்த தடவை கிட்னி தாங்காது, ஆளையே பார்க்க முடியாது என்று ஒளிக்காமல் சொல்லிவிட்டார்.

அதனால், விரிப்பு மறுநாளும் அதற்கு மறுநாளும் காய்ந்தே கிடந்தபோது, ஆவுடையப்பன் கதவில் நூல் கட்டிப் பார்த்தார், வாசலில் மாவு தூவிப் பார்த்தார், பக்கத்து வீட்டு ஜெபமணி டீச்சர் ரகசியமாக ஜெபம் பண்ணுகிறாரோ என்று சுவரில் காது வைத்துக் கேட்டார், புது மாத்திரையைச் சந்தேகப்பட்டார், கடைசியில் கோமதியையே சந்தேகப்பட்டு, 'அடக்கி வச்சிருக்கியா, வலிக்கா?' என்று அடிவயிற்றைத் தொட்டுப் பார்த்தார். வயிறு லேசாக இருந்தது. கோமதி நல்ல கையால் தனக்குக் கீழே தடவிப் பார்த்தாள், மறுபடியும் தடவிப் பார்த்தாள், பிறகு அந்தக் கையாலேயே செம்பைக் காட்டினாள். அன்றைக்கு அவள் தண்ணீர் குடித்து முடித்ததும், ஆவுடையப்பன் செம்பைக் கவிழ்த்து, காலிதானா என்று பார்த்துக்கொண்டார்.

கோமதியின் உதட்டு வெடிப்பு ஆறியது, முகத்தில் ரத்தம் ஊறியது, சீரியல் பார்த்து ஒருபக்க வாயால் சிரிக்கக்கூடச் செய்தாள். அதே நாட்களில்தான் வளவில் மற்ற வீடுகள் நனையத் தொடங்கின.

முதலில் ஜெபமணி டீச்சர். கல்யாணம் காட்சி என்று எதுவும் பண்ணிக்கொள்ளாமல் பள்ளிக்கூடத்திலேயே வாழ்க்கையைக் கழித்தவர், காலையில் கண் விழித்துத் தன் சுத்தமான படுக்கையில் ஈரத்தைப் பார்த்து, வயசு இப்படியா வந்து கதவைத் தட்ட வேண்டும் என்று அழுதுவிட்டு, விரிப்பைக் கொடிக்குக் கொண்டு போகாமல் குளியலறைக்குள்ளேயே காயப்போட்டார். அடுத்து முனிசிபாலிட்டி கிளார்க் சபாபதி வீடு. அதுவும் வெளியே வரவில்லை. ஒரு ராத்திரி ஒரு வீடு, மறு ராத்திரி மறு வீடு என்று அது போய்க்கொண்டே இருக்க, ஒவ்வொரு வீட்டிலும் நீயா நானா என்று புருஷனும் பெஞ்சாதியும் பார்வையாலேயே விசாரித்துக்கொண்டார்கள். விடியும்போதே வளவில் பினாயில் வாடையும் சாம்பிராணிப் புகையும் ஒன்றையொன்று முந்தின. பழி பூனைமேல் விழுந்து, அதைச் சாக்கில் கட்டி ஜங்ஷன் பக்கம் கொண்டுபோய் விட்டார்கள். பூனை திரும்பி வந்தது. ஈரம் பூனை இல்லாத நாட்களிலும் வந்தது.

எதிர்வீட்டு நாச்சியாருக்கு மட்டும் ஒளித்துக் காயப்போட இடமில்லை. அவள் வீட்டில் நனைவது மகன் மந்திரமூர்த்தியும், தை மாசம் கல்யாணமாகி வந்த மருமகள் லோகுவும் படுக்கிற புதுமெத்தை. அதன் விரிப்பு பெரிசு. அது கொடியில் தொங்கிய ஒரு முன்காலையில் ஆவுடையப்பன் அதன் பக்கம் போய், இப்படியும் அப்படியும் பார்த்துவிட்டு, மூக்கைக் கிட்டே கொண்டு போனார்.

துவைத்த பிறகும் அந்த வாடை மிச்சம் இருந்தது. கோமதியின் மாத்திரையும், டாக்டரம்மாவிடம் கேட்டுக்கொண்டு அவர் காய்ச்சிக் கொடுக்கும் நெருஞ்சிக் கஷாயமும் சேர்ந்த வாடை. எத்தனை விடியற்காலை அலசியது அவர் கை, தப்புமா. இது என் வீட்டு ஈரம் என்று அவருக்குத் தெரிந்துபோயிற்று.

"என்ன அண்ணாச்சி, எங்க விரிப்பை மோந்து பாக்கிய?" என்றது பின்னாலிருந்து நாச்சியார் குரல்.

"காஞ்சிட்டான்னு பாத்தேம்மா."

"காஞ்சிட்டான்னு கையால தொட்டுல்லா பாப்பாவ."

அன்றையிலிருந்து ஆவுடையப்பன் கிணற்றடிக்கு வந்தால் பெண்பிள்ளைகள் தங்கள் துணியைக் கையோடு எடுத்துக்கொண்டு போனார்கள். வாழ்நாளெல்லாம் மற்றவர்கள் சட்டைப்பையைச் சந்தேகப்பட்டவரை இப்போது ஒரு வளவே சந்தேகப்பட்டது. அதை அவர் பொறுத்துக்கொண்டார். உண்மையைச் சொன்னால் வளவு கோமதியைச் சும்மா விடாது, விடாவிட்டால் அவள் வாயை மூடிக்கொள்வாள், மூடிக்கொண்டால் அவள் போய்விடுவாள். ஊரான் மெத்தை நனைந்தால் நனையட்டும் என்று நினைத்தார். நினைத்தது கேவலம் என்றும் அவருக்குத் தெரிந்தே இருந்தது.

நாச்சியார் வேறொரு முடிவுக்கு வந்திருந்தாள். மகன் பிறந்ததிலிருந்து அவள் பக்கத்தில் படுத்து வளர்ந்தவன், அவனுக்கு அந்தப் பழக்கம் கிடையாது. அப்படியானால் வந்தவளுக்குத்தான் இருக்கிறது. பெண்ணுக்குச் சீக்கு இருப்பதை மறைத்துத் தலையில் கட்டிவிட்டார்கள். விளக்கு வைத்ததற்கு மேல் லோகு தண்ணீர் குடிக்கக்கூடாது என்று சட்டம் போட்டாள். அந்தப் பிள்ளை நாக்கு ஒட்டிக்கொள்ளப் படுத்தது, மெத்தை அப்படியும் நனைந்தது. மந்திரமூர்த்தி இந்தப் பக்கமும் பேசவில்லை, அந்தப் பக்கமும் பேசவில்லை. ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் லோகுவின் பெட்டியோடு ஓர் ஆட்டோ வளவு வாசலில் நின்றது, அவளைத் தென்காசியில் அவள் அம்மா வீட்டில் கொண்டுபோய் விட.

ஜன்னலோரக் கட்டிலில் கிடந்த கோமதி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். படுத்துக் கிடக்கிறவர்களுக்குக் காது கூர்மையாகிவிடும். புருஷன் விரிப்பை மோந்த கதையும் அவளுக்குத் தெரியும், அன்றைக்கு அவர் முகம் போன போக்கும் தெரியும். இரண்டையும் சேர்த்துப் பார்த்தவளுக்குத் தன் ஈரம் எங்கே போகிறது என்று இப்போது புரிந்துவிட்டது. அவள் நல்ல கையால் கட்டில் சட்டத்தில் ஓங்கி ஓங்கி அடித்தாள். ஓடி வந்தவரிடம் ஜன்னலைக் காட்டினாள்.

"போ" என்றாள்.

"எங்க போக? போயி என்னன்னு சொல்ல?"

"போ."

"சொன்னா ஒன்னயல்லா பிடிச்சுக்கிடுவாவ கோமு."

கோமதி மறுபடியும் அடித்தாள். அவர் போனார்.

"நாச்சியாரு, அந்தப் பிள்ளய எறக்கு. அது அவ ஈரம் இல்ல. எங்க வீட்டு ஈரம். கோமு குடிக்கிற தண்ணிதான் வீடு வீடாப் போவுது" என்றார் ஆவுடையப்பன், ஆட்டோவுக்குக் குறுக்கே நின்றுகொண்டு.

நாச்சியார் அவரை மேலும் கீழும் பார்த்தாள். "எங்க வீட்டுப் பிள்ளைக்கு நீங்க ஏன் அண்ணாச்சி இம்புட்டு வக்காலத்து வாங்குதிய? மோந்து பாத்ததும் நீங்கதான், இப்பம் வழி மறிக்கதும் நீங்கதான்."

பல் விளக்கிக்கொண்டே வந்த சபாபதி, "எங்க வீட்டுக்கெல்லாம் ஒண்ணும் வரல்லியே ஓய். வந்தா நம்பலாம்" என்றார்.

டிக்கெட் இல்லாதவன் சொல்லும் கதையைத் தான் எப்படிக் கேட்பாரோ அப்படியே எல்லாரும் கேட்டுக்கொண்டிருப்பதை ஆவுடையப்பன் பார்த்தார். அடையாளம் வைக்காமல் நிரூபிக்க முடியாது என்று அவருக்குப் புரிந்தது. "ஒரே ஒரு ராத்திரி பொறுங்க. கோமுக்கு பீட்ரூட் சாப்பிட்டா மறுநாள் செவப்பாத்தான் போவும், கல்யாணமான புதுசுலயே ரத்தம்னு பயந்து ஆஸ்பத்திரிக்கு ஓடினவன் நான். இன்னைக்குச் சாறு எடுத்துக் குடுக்கேன். வளவுல வேற யாரும் பீட்ரூட் பக்கம் போவக்கூடாது. நாளைக்குக் காலைல விரிப்பை எல்லாம் வெளிய கொண்டாங்க" என்றார்.

கோமதிக்குப் பீட்ரூட் பிடிக்காது. அன்றைக்கு முகத்தைச் சுளித்துக்கொண்டு ஒரு சொட்டு விடாமல் குடித்தாள்.

மறுநாள் காலையில் வளவே அவரவர் விரிப்போடு கிணற்றடியில் கூடியது. டீச்சர் விரிப்பு வெள்ளை. நாச்சியார் வீட்டு விரிப்பு வெள்ளை. மற்ற வீடுகளும் அப்படியே. ஆவுடையப்பனுக்கு வியர்த்துவிட்டது, நாச்சியார் ஆட்டோக்காரனுக்கு போன் போடச் சொன்னாள். அப்போதுதான் யாரோ சபாபதியைக் காணோமே என்றார்கள். கூப்பிட்டுப் பார்த்தார்கள், அவர் வரவில்லை. அவர் பெஞ்சாதி வந்தாள், கையில் நல்ல ரோஸ் நிறத்தில் ஒரு விரிப்பும் அதைவிட ரோஸாக, அவர் இடுப்பில் கட்டுகிற சாரமும்.

"இது ஒண்ணும் புதுசில்ல. இத்தனை நாளும் ஃபேனுக்குக் கீழ காயப்போட்டு, என்னைய வாயத் தொறக்கவிடாம வச்சிருந்தாவ" என்று சொல்லிவிட்டு, அவள் இரண்டையும் கொடியில் நன்றாக விரித்துப் போட்டாள்.

பிறகு நம்புவதற்கு வளவுக்கு அதிக நேரம் ஆகவில்லை. ஒரு பொம்பளையின் மூத்திரம் சுவர் தாண்டி அடுத்தவன் படுக்கையில் போய் இறங்குமா என்று ஒருவரும் வாய் பிளக்கவில்லை. தன் வீட்டில் யாருக்கும் சீக்கு இல்லை என்று தெரிந்த ஆறுதலில், அதெல்லாம் நடக்கக்கூடியதுதான் என்று ஆகிவிட்டது. லோகுவின் பெட்டி உள்ளே போனது. நாச்சியார் மன்னிப்பு எதுவும் கேட்கவில்லை, மருமகளுக்கு ஒரு தோசை கூடுதலாகச் சுட்டுப் போட்டாள். மருந்துக்கடையில் ரப்பர் ஷீட் தீர்ந்துபோய், பாளையங்கோட்டைக்கு ஆள் அனுப்பி வாங்கி வந்தார்கள். கிணற்றடியில் துணியை எடுத்துக்கொண்டு ஓடிய பெண்பிள்ளைகளே இப்போது ஆவுடையப்பனிடம் வந்து, வேட்டியை எப்படி மடிக்க, நீல நிறப் பவுடர் போட்டு ஊறவைக்கவா வேண்டாமா என்று கேட்டுப் போனார்கள். காலையில் ஒருவரையொருவர் பார்த்தால், "நேத்து யாருக்கு?" என்று கேட்பது, குழாயில் தண்ணீர் வந்துட்டா என்று கேட்பதுபோல் ஆகிவிட்டது.

ஆனால் சபாபதி அந்த ரோஸ் சாரத்தை மறக்கவில்லை. ஒரு சாயங்காலம் வளவு ஆம்பிளைகளைக் கூட்டி வைத்துக்கொண்டு, "உள்ள போனாத்தானே வெளிய வரும். விளக்கு வச்சதுக்கு மேல அந்தம்மாளுக்குத் தண்ணி குடுக்கக்கூடாது. அண்ணாச்சிட்ட நாம எல்லாருமாச் சொன்னதா இருக்கட்டும்" என்றார். கேட்பதற்கு நியாயமாகத்தான் இருந்தது. நியாயமாக இருப்பதுதான் அதில் இருந்த ஆபத்து.

ஆவுடையப்பன் சண்டை போட்டார். டாக்டரம்மா சொன்னதைச் சொன்னார். "அது எங்களுக்குத் தெரியாதா, சாகவா சொல்லுதோம், ராத்திரிக்கு மட்டும்தான" என்றார்கள். அதன்பிறகு பொழுது சாய்ந்தால் அவர் வீட்டு ஜன்னலைத் தாண்டிப் போகிற ஒவ்வொரு ஆளும், செருப்பைச் சரிசெய்கிற சாக்கில் ஒரு நிமிஷம் நின்று, கோமதியின் தலைமாட்டில் செம்பு இருக்கிறதா, தம்ளர் ஈரமாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் போனார்கள். அவர் ஜன்னலைச் சாத்தினார். சாத்திய ஜன்னலுக்குள் என்ன நடக்கிறதோ என்று வளவு இன்னும் சந்தேகப்பட்டது. யார் வீட்டிலாவது ஈரம் கொஞ்சம் கூடினால், "நேத்து குடுத்துருக்காருவே" என்ற பேச்சு அவர் காதில் விழும்படி நடந்தது. கோமதிக்கென்று டீச்சர் கொண்டுவரும் கஞ்சியைக்கூட, தண்ணியாக இருக்கிறதா கெட்டியாக இருக்கிறதா என்று திறந்து பார்த்தார்கள்.

இவ்வளவும் தேவைப்படவே இல்லை. முதல் நாள் ஜன்னலில் ஒரு கண்ணைப் பார்த்தபோதே கோமதி உதட்டை மூடிவிட்டாள். புருஷன் ஒருவர் துவைப்பதற்கே கூசினவள், ஒரு வளவே துவைத்துக்கொண்டு தன் தம்ளரைக் கணக்குப் பார்க்கிறது என்று தெரிந்த பிறகு குடிப்பாளா. இப்போது காலையிலும் வேண்டாம், மத்தியானமும் வேண்டாம். ஆவுடையப்பன் கெஞ்சினார், ஸ்பூனால் ஊட்டினார், ஒரு தடவை தாடையைப் பிடித்து ஊற்றப் பார்த்தார். அது கழுத்தில் வழிந்தது, அவள் அவரைப் பார்த்த பார்வையில் அவர் தம்ளரைக் கீழே வைத்துவிட்டு வெளியே போய் நின்றார். உதடு மறுபடி வெடித்தது. உடம்பு லேசாகச் சுட்டது. வேறு வீடு பார்த்துப் போய்விடலாம் என்றால் அங்கேயும் அக்கம்பக்கம் என்று ஒன்று இருக்கும். நான் வாயைத் திறந்திருக்கக் கூடாது, அந்தப் பிள்ளை போனால் போகட்டும் என்று விட்டிருக்க வேண்டும் என்று நினைத்தார். உடனே ஐயோ என்று இருந்தது.

அந்த நாட்களில் ஒரு ராத்திரி ஈரம் லோகுவின் மெத்தைக்கு வந்திருந்தது. விரிப்பை உருவிக் கிணற்றடிக்குக் கொண்டுபோனவள், அலசாமல் கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். முன்னெல்லாம் பாய் அகலத்துக்குப் பரவியிருந்த ஈரம், இப்போது ஒரு கையகலம்தான் இருந்தது. காய்ச்சிய கருப்பட்டிப் பாகு நிறத்தில், மூக்கைக் குத்தும் நெடியோடு இருந்தது. வளவில் மற்றவர்களும் அதைப் பார்த்திருப்பார்கள், நல்லவேளை குறைந்துவிட்டது என்று சந்தோஷப்பட்டிருப்பார்கள். தண்ணீர் இல்லாமல் படுத்தால் நாக்கு எப்படி மேலண்ணத்தில் ஒட்டும் என்று அந்த வளவில் லோகு ஒருத்திக்குத்தான் தெரியும்.

சாயங்காலம், எல்லா வீட்டிலும் விளக்கு வைத்து, எல்லாரும் வாசலில் இருக்கிற நேரம் பார்த்து, லோகு ஒரு செம்பு நிறையத் தண்ணீரைக் கையில் ஏந்தி, மூடாமல், வளவின் நடுவழியாக நடந்து ஆவுடையப்பன் வீட்டுக்குள் போனாள். ஜன்னலைத் திறந்து வைத்தாள். கட்டில் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

ஆவுடையப்பன் அவளையும் செம்பையும் பார்த்தார். "யாரு அனுப்பினா?" என்று கேட்டார். அவருக்கு அப்படித்தான் கேட்க வரும்.

"யாரும் அனுப்பல மாமா." கோமதியின் பக்கம் திரும்பி, "குடிங்க பெரியத்த. என் மெத்தைக்கே வரட்டும். அது யாருதுன்னு இப்பம் எனக்குத் தெரியும்லா" என்றாள்.

கோமதி தலையை ஆட்டினாள். உதடு இறுகியிருந்தது.

"எனக்காவத்தான அன்னைக்கு மாமாவ அனுப்பினிய, நீங்க கட்டில்ல அடிச்சது ஆட்டோ வரைக்கும் கேட்டுது. இல்லன்னா நான் இன்னைக்குத் தென்காசியில கெடப்பேன். குடிங்க."

அதற்குள் ஜன்னலுக்கு வெளியே வளவு சேர்ந்துவிட்டது. முன்னால் நின்றது சபாபதி. அவரை ஒதுக்கிக்கொண்டு நாச்சியார் வாசற்படி ஏறி உள்ளே வந்து, இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றாள்.

"ஏட்டி, யாரக் கேட்டுத் தண்ணி கொண்டாந்த? நனைஞ்சா யாரு தொவைக்க?"

கல்யாணமாகி வந்ததிலிருந்து மாமியாரை எதிர்த்து ஒரு சொல் பேசாத லோகு, திரும்பிப் பார்க்காமலே சொன்னாள். "நான் தொவைக்கேன்."

நாச்சியார் பதிலுக்கு வாயைத் திறந்தாள். அப்போது கோமதியின் உதட்டைப் பார்த்தாள். வெடிப்பில் ரத்தம் காய்ந்து கறுத்திருந்தது. கொடியில் தொங்கும் விரிப்பைத்தான் இத்தனை நாளும் பார்த்திருந்தாள். இந்த முகத்தை இவ்வளவு கிட்டத்தில் பார்க்கவில்லை. லோகு தம்ளரைக் கோமதியின் வாயருகே கொண்டு போனாள், அவசரத்தில் தண்ணீர் தளும்பியது.

"மெதுவாக் குடு. தலையத் தூக்கிப் பிடிச்சுக்கோ, பொரையேறிரும்" என்றாள் நாச்சியார்.

சொன்னதோடு நில்லாமல் அவளே போய்க் கோமதியின் பிடரிக்குக் கீழே கையைக் கொடுத்துத் தூக்கினாள். கோமதி அவளைப் பார்த்தாள், ஜன்னலில் நின்ற முகங்களைப் பார்த்தாள், பிறகு வாயைத் திறந்தாள். ஒரு தம்ளர் குடித்தாள். இன்னொன்று குடித்தாள். தொண்டைக்குள் தண்ணீர் இறங்கும் சத்தம் ஜன்னல்வரை கேட்டது. ஆவுடையப்பன் நாச்சியார் முகத்தில் ஏதாவது தந்திரம் இருக்கிறதா என்று பழக்கத்தில் தேடிப் பார்த்துவிட்டு, ஒன்றும் அகப்படாமல், சுவரைப் பார்த்துத் திரும்பி நின்று அழுதார்.

அன்றைக்கு வளவில் எல்லா வீட்டிலும், சபாபதி வீட்டிலும், ரப்பர் ஷீட்டை இழுத்து விரித்துத்தான் படுத்தார்கள். மறுநாள் காலையில் கொடியில் அகலமாக ஒரு விரிப்பு காய்ந்துகொண்டிருந்தது. யார் வீட்டுடையது என்று யாரும் கேட்கவில்லை, ஆவுடையப்பன்கூடக் கேட்கவில்லை.